இரவு 9 மணிக்கு மேல் நடக்கும் வேலை எங்கிருந்து வருகிறது?

ஒர்க் ஃப்ரம் ஹோம் என்றாலே மிச்சமாகும் பயண நேரத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கும் அம்பத்தூரிலிருந்து தரமணிக்கும் தினமும் போய்வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது கையில் நிற்க வேண்டும். பெரும்பாலானோருக்கு நிற்பதில்லை. அது எங்கே போனது என்பதை அளந்து பார்த்த நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆசியாவின் பெரிய ஐ.டி. சேவை நிறுவனம் ஒன்றில் 10,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் கணினிப் பதிவுகளை, 2019 ஏப்ரல் முதல் 2020 ஆகஸ்ட் வரை, கிப்ஸ், மெங்கல், சீம்ரோத் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். 2021ல் வெளியான முதல் வடிவத்தின்படி, வீட்டுக்குப் போன பிறகு மொத்த வேலை நேரம் சுமார் 30% கூடியது. வழக்கமான நேரத்துக்குப் பிறகு செய்யும் வேலை 18% கூடியது. முடித்துக் கொடுத்த வேலையின் அளவோ பெரிதாக மாறவில்லை.

கூடுதல் நேரம் போன இடம் மீட்டிங்குகளும் ஒருங்கிணைப்பும்தான். இடையூறில்லாமல் உட்கார்ந்து வேலை பார்க்கும் நேரம் குறைந்தது. பகலில் பேசித் தீர்ப்பது, எல்லோரும் லாக் ஆஃப் செய்த பிறகு புரோகிராம் கோடு எழுதுவது என்ற பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. ஆகவே வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான சமநிலை குலைந்துவிட்டது என்று உணர்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இரவு 9 மணிக்கு மேல் நான் செய்யும் வேலை பகலில் ஏன் முடியவில்லை? யோகா, தியானம், டிஜிட்டல் விரதம் எல்லாவற்றையும் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

இதற்கு நினைவை நம்பக்கூடாது, பதிவைப் பார்க்க வேண்டும். கடந்த 10 வேலை நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவுட்லுக்கின் அனுப்பிய மெயில் பெட்டியில் கடைசி மெயிலின் நேரம், கிட் லாக்கில் (கோடு மாற்றங்களின் பதிவேடு) உங்கள் பெயரில் இருக்கும் கமிட்டுகளின் நேரம், ஜிராவில் (வேலைகளை டிக்கெட்டுகளாகப் பின்தொடரும் மென்பொருள்) டிக்கெட் நிலையை மாற்றிய நேரம், இந்த மூன்றும் போதும். ஒவ்வொரு நாளுக்கும் முதல் செயல், கடைசிச் செயல், நடுவில் 90 நிமிடம் தொடர்ந்து மீட்டிங் இல்லாத இடைவெளிகள் எத்தனை என்று குறியுங்கள். 9 மணிக்கு மேல் நடந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே சொல்லில் காரணம் எழுதுங்கள்: கால், ரிவ்யூ, கரண்ட், குழந்தை, புரொடக்ஷன் (பயனர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் வரும் பிரச்சினை), பயம். கடைசிச் சொல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பத்து நாள் பட்டியலில் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அந்த இரண்டை மட்டும் சரிசெய்யுங்கள்.

பெரும்பாலான ஆஃப்ஷோர் டீம்களில் (வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு இங்கிருந்து வேலை செய்பவை) முதல் காரணம் கடிகாரம். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. கலிஃபோர்னியாவில் காலை 9 மணி நமக்கு இரவு 9.30 அல்லது 10.30. லண்டன் காலை 9 மணி என்பது பகல் 1.30 அல்லது 2.30. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறது. பிரிட்டனோ மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றுகிறது. இரண்டு நாட்டு கிளையன்ட்டும் உள்ள டீமுக்கு மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் முடிவில் ஒரு வாரமும் எல்லா அழைப்பும் கலைந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். நவம்பரில் எல்லா மாலை கால்களும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்போது காலை 9.30க்கு நடக்கும் தினசரி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கை யாரும் தள்ளிவைப்பதில்லை. அப்படித்தான் 9 மணி நேர நாள் சத்தமில்லாமல் 13 மணி நேரம் ஆகிறது. அக்டோபர் மூன்றாம் வாரத்திலேயே டீம் லீட் காலண்டரைத் திறந்து, மாலை தள்ளும் அளவுக்குக் காலையையும் தள்ளிவிட வேண்டும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் டீம் முழுவதற்கும் நான்கு மாதத்துக்குப் பலன் தரும்.

மாலை கால் தவிர்க்க முடியாது என்றால் நாளை எப்படி அமைப்பது? எனக்குத் தெரிந்து இரண்டு முறைகள்தான் நிலைக்கின்றன. ஒன்று, 11.30க்குத் தொடங்கி 8.30க்கு முடிப்பது. காலை முழுவதும் சொந்த நேரம். நடை, கோயில், வங்கி வேலை, பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துப்போவது எல்லாம் அதில் அடங்கும். இன்னொன்று நாளை இரண்டாக உடைப்பது: காலை 8.30 முதல் 12.30 வரை, பிறகு மாலை 5 முதல் 9 வரை. பள்ளி விட்டு 3.30க்கு வரும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரண்டாவது முறை நன்றாக ஓடும். ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு. நடுவில் இருக்கும் நான்கரை மணி நேரம் காலண்டரில் ‘அவுட் ஆஃப் ஆஃபீஸ்’ என்று போடப்பட்டிருக்க வேண்டும். ‘பிஸி’ என்று போட்டால் அதன்மேல் மீட்டிங் வைப்பார்கள். டீமில் பாதிப் பேர் ஒரு முறையிலும் மீதிப் பேர் இன்னொரு முறையிலும் இருந்தால் இருவருக்கும் பொதுவான இரண்டு மணி நேரத்தை எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருடைய ஓய்வு நேரம் இன்னொருவருடைய அவசர நேரமாக இருக்கும்.

ஆன்சைட்டில், அதாவது கிளையன்ட் இடத்தில், இருப்பவர்களோடு வாரம் ஐந்து நாளும் நடக்கும் அழைப்பை இரண்டு நாளாகக் குறைக்க முடியும். அதற்குக் கொடுக்க வேண்டிய விலை, நல்ல ஹேண்டோவர் குறிப்பு, அதாவது வேலையை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் குறிப்பு. “லாகின் பக் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நாளை முடிந்துவிடும்” என்று எழுதினால் ஆன்சைட்டில் இருப்பவர் நிச்சயம் கூப்பிடுவார், ஏனென்றால் அவர் அதை வைத்து எதையும் செய்ய முடியாது. அதையே இப்படி எழுதலாம்:

“லாகின் டைம்-அவுட்: காரணம் தெரிந்தது, டோக்கன் புதுப்பிக்கும் நேரம் 30 விநாடிக்குப் பதில் 3 விநாடி என்று கான்ஃபிகில் இருக்கிறது. திருத்தம் புல் ரிக்வெஸ்டில் இருக்கிறது, யூனிட் டெஸ்ட் ஓடிவிட்டது. நிற்கும் இடம்: ஸ்டேஜிங் சர்வருக்கு டிப்ளாய் செய்ய எனக்கு அனுமதி இல்லை. உங்களிடம் வேண்டியது: உங்கள் பகல் 12 மணிக்குள் டிப்ளாய் செய்து, இரண்டு பயனர்களை வைத்துச் சோதித்து, டிக்கெட்டில் முடிவைப் போடவும். தவறினால் பழைய பில்டுக்குத் திருப்பலாம், எண் டிக்கெட்டில் உள்ளது.”

எழுத பத்து நிமிடம் ஆகும். முடிந்தது, நின்ற இடம், யாரிடமிருந்து என்ன வேண்டும், எப்போதுக்குள், கெட்டுப்போனால் என்ன செய்வது என்ற ஐந்தும் இருந்தால் இரவு 10 மணிக்கு “க்விக் கால்?” என்று செய்தி வருவதற்குக் காரணமே இல்லை. குறிப்பு எழுதுவதைக் கூடுதல் வேலை என்று நினைக்கும் டீம்கள்தான் அதிக நேரம் போனில் இருக்கின்றன.

பகல் மீட்டிங்குகளுக்கு வருவோம். ஆஃபீஸில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்த நேரம் வீட்டில் இல்லாததால், 30 நிமிட மீட்டிங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அவுட்லுக்கின் காலண்டர் அமைப்புகளில் மீட்டிங்குகளைச் சுருக்கும் வசதி இருக்கிறது. 30 நிமிடத்தை 25 ஆகவும், 60 நிமிடத்தை 50 ஆகவும் தானாகவே மாற்றிவைக்கும். கூகுள் காலண்டரில் இதன் பெயர் ‘ஸ்பீடி மீட்டிங்ஸ்’. இது நீங்கள் வைக்கும் மீட்டிங்குகளுக்கு மட்டுமே பொருந்தும். அதனால் மீட்டிங் அதிகம் வைக்கிற லீடும் மேனேஜரும் போடாதவரை பலன் தெரியாது. கூடவே, வாரத்தில் மூன்று நாள் பகல் 2 முதல் 4 வரை டீம் முழுவதற்கும் மீட்டிங் இல்லாத நேரம் என்று ஒரே பிளாக்காகப் போடுங்கள். தனி ஆள் போட்டுக்கொள்ளும் ‘ஃபோகஸ் டைம்’ இரண்டாவது வாரத்திலேயே உடைந்துவிடும், மொத்த டீமும் போட்டால்தான் நிற்கும்.

அடுத்தது போன். சொந்தப் போனில் ஆஃபீஸ் ஆப்களை வைத்திருப்பவர்கள் நோட்டிஃபிகேஷனை ஒவ்வொன்றாக அணைத்து, பிறகு முக்கியமானதைத் தவறவிட்டு, பயந்து எல்லாவற்றையும் திரும்ப ஆன் செய்கிறார்கள். ஆண்ட்ராய்டில் நிறுவனம் ‘ஒர்க் ப்ரொஃபைல்’ அமைத்துத் தந்திருந்தால் டீம்ஸ், அவுட்லுக் ஐகான்களில் சின்னப் பெட்டிச் சின்னம் தெரியும். மேலிருந்து இழுக்கும் மெனுவில் அந்த ப்ரொஃபைலை ஒரே தட்டில் நிறுத்தலாம், எல்லா வேலை ஆப்களும் உறங்கிவிடும். அது இல்லாதவர்கள் டீம்ஸ் மொபைல் ஆப்பின் நோட்டிஃபிகேஷன் பகுதியில் அமைதி நேரத்தை நாள்வாரியாகப் போடலாம். ஸ்லாக்கிலும் இதேபோல் நேர அட்டவணை உண்டு. ஐபோனில் ஃபோகஸ் மோடில் வேலை ஆப்களை விலக்கிவைக்கலாம். நள்ளிரவில் உண்மையிலேயே சர்வர் விழுந்தால்? அதற்குத் தனி வழி ஒன்று மட்டும் திறந்திருக்க வேண்டும்: ஆன்-கால் ஆப் (அவசரத்துக்கு அன்றைய முறைக்காரரை எழுப்பும் ஆப்), அல்லது நேரடி போன் அழைப்பு. வாட்ஸ்அப் குரூப் அந்த வழியாக இருக்கவே கூடாது. பிறந்தநாள் வாழ்த்தும் புரொடக்ஷன் பிரச்சினையும் ஒரே சத்தத்தில் வந்தால் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இரவில்தான் உங்களுக்கு எழுத வசதி என்றால் எழுதுங்கள், ஆனால் அனுப்பாதீர்கள். அவுட்லுக், ஜிமெயில், டீம்ஸ், ஸ்லாக் எல்லாவற்றிலும் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது. மறுநாள் காலை 10 என்று வைத்துவிடுங்கள். மேனேஜர் இரவு 11.40க்கு அனுப்பும் மெயிலில் “அவசரமில்லை” என்று எழுதியிருந்தாலும், மூன்று வருட அனுபவமுள்ள பொறியாளர் அதை அவசரம் என்றே படிப்பார்.

புரொடக்ஷன் சப்போர்ட்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பாதிதான் உதவும். அங்கே கேள்வி ஆள் எண்ணிக்கை. இரண்டு பேர் மாறி மாறி ஆன்-கால் எடுத்தால் மாதத்தில் பாதி இரவுகள் போய்விடும், எந்த ஆப் அமைப்பும் அதைச் சரிசெய்யாது. கூகுளின் எஸ்.ஆர்.இ. குழுக்கள் (சிஸ்டங்கள் நிற்காமல் பார்த்துக்கொள்பவை) வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் அளவுகோல், ஒரே இடத்தில் இருக்கும் குழுவில் குறைந்தது 8 பேர், 12 மணி நேர ஷிஃப்டுக்கு அதிகபட்சம் 2 சம்பவங்கள். நம் டீம்களில் 8 பேர் கிடைப்பது அரிது. ஆனால் சம்பவங்களை எண்ணலாம். ஒரு மாதம் வந்த இரவு அலர்ட்டுகளைப் பட்டியலிட்டு, எந்த நடவடிக்கையும் தேவைப்படாமல் தானே சரியானவற்றைப் பிரித்தெடுங்கள். டிஸ்க் 80% ஆனதும் எழுப்பும் அலர்ட், ஒரே ஒரு தடவை தோற்றதுமே எழுப்பும் ஹெல்த் செக், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். வரம்பை 90% ஆக்குவதும், தொடர்ந்து 3 முறை தோற்றால் மட்டும் எழுப்புவதும் பல இரவுகளைத் திருப்பித் தரும். இரவு 1 மணி முதல் 4 மணி வரை விழித்தவருக்கு மறுநாள் மதியம் வரை விடுமுறை என்பது மேனேஜரின் தயவில் இல்லாமல் டீமின் எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும்.

இனி வீடு. ஐ.டி. கட்டுரைகள் அதிகம் பேசாத காரணங்கள் இங்கேதான் இருக்கின்றன.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 முதல் 2 வரை, சில ஊர்களில் மாலை வரை, மின்சாரத்தை நிறுத்தும். பகல் போனால் வேலை இரவுக்குத்தான் நகரும். 150 ஏ.எச்., 12 வோல்ட் பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கும். பேட்டரி ஆயுளை நினைத்துப் பாதியை மட்டும் எடுத்து, இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்தால் சுமார் 700 மிஞ்சும். லேப்டாப் 60 வாட், மானிட்டர் 25, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் 15, மின்சாரம் குறைவாக எடுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் 30, விளக்கு 10, ஆக 140 வாட். ஐந்து மணி நேரம் தாங்கும். பழைய 75 வாட் ஃபேன் என்றால் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மற்ற அறைகளின் ஃபேன்களும் அதே இன்வெர்ட்டரில் ஓடினால் இரண்டு மணி நேரம்கூட நிச்சயமில்லை. வீட்டில் கரண்ட் இருந்தும் நெட் போனால், தெருமுனையில் இருக்கும் ஆபரேட்டரின் பெட்டிக்கு பேக்-அப் இல்லை என்று பொருள். அதற்கு உங்கள் இன்வெர்ட்டர் எதுவும் செய்யாது. வேறு நிறுவனத்தின் சிம்மில் ஹாட்ஸ்பாட் வைத்து, வீடியோவை அணைத்துப் பேச வேண்டும். முதல் நாளே நாளிதழில் வரும் மின்தடை அறிவிப்பைப் பார்த்து, அன்றைக்கு ஆஃபீஸ் போகும் நாளாக மாற்றிக்கொள்வது எல்லாவற்றையும்விட மலிவான தீர்வு.

மேசை எங்கே இருக்கிறது என்பதும் இரவு வேலையைத் தீர்மானிக்கிறது. சென்னையில் பல வீடுகளில் ஏ.சி. படுக்கையறையில் மட்டும் இருக்கும். ஏப்ரல் வந்ததும் மேசை அங்கே நகரும், ஜூலையில் திரும்பி வராது. கண்ணெதிரே லேப்டாப் இருக்கும் அறையில் தூங்கப்போகிறவர் “ஒரே ஒரு மெயில்” பார்க்காமல் படுப்பது கடினம். வேறு வழியில்லை என்றால் வேலை முடிந்ததும் லேப்டாப்பைப் பையில் போட்டு ஹாலில் வைத்துவிடுங்கள். சார்ஜரும் அங்கேயே இருக்கட்டும். ஹாலில் மேசை போட இடமிருந்தால், 1 டன் இன்வெர்ட்டர் ஏ.சி. மணிக்குச் சுமார் 0.7 யூனிட் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நாளுக்கு 8 மணி நேரம், இரண்டு மாத பில்லில் 44 வேலை நாள், ஏறக்குறைய 246 யூனிட். பில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான சலுகை விலையும் போய்விடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உட்காரும் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். சாப்பாட்டு மேசையின் உயரம் சுமார் 75 செ.மீ., நம் ஊரில் சராசரி உயரமுள்ள பெண்களுக்கு அது அதிகம். தோள் தூக்கியபடி தட்டச்சு செய்வதால் கழுத்தில் பிடிப்பு வரும். நாற்காலியை உயர்த்தி, காலுக்குக் கீழே பலகை வையுங்கள். லேப்டாப்பை ஸ்டாண்டில் ஏற்றினால் தனி கீபோர்டு, மவுஸ் கட்டாயம். ஸ்டாண்டை மட்டும் வாங்குவது கழுத்து வலியை மணிக்கட்டுக்கு மாற்றும். இரவு 7.30க்கு கால் என்றால் சாப்பாட்டை 7 மணிக்கே முடித்துவிடுங்கள். 10.30க்குச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுப்பதுதான் இந்தத் தொழிலில் வயிறு கெடுவதற்கு முதல் காரணம் என்பது என் கருத்து.

பெண்களின் கணக்கு வேறு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். வீட்டிலிருந்தே வேலை என்றதும் இந்த வித்தியாசம் வேலை நேரத்துக்குள்ளேயே நுழைகிறது. கேஸ் சிலிண்டர், கூரியர், மாமியாரின் மாத்திரை நேரம், பள்ளி வேன் எல்லாவற்றுக்கும் எழுந்துபோவது ஒருவர்தான். பட்டியலில் ‘குழந்தை’ என்ற காரணம் மனைவியின் தாளில் மட்டும் வந்தால், அதைத் தீர்க்க வேண்டிய இடம் ஆஃபீஸ் இல்லை. கணவனும் மனைவியும் ஞாயிறு மாலை இருவர் காலண்டரையும் பக்கத்தில் வைத்து, பகல் இடையூறுகளை நேரவாரியாகப் பிரிக்க வேண்டும்: 9 முதல் 1 வரை காலிங் பெல் யாருடையது, 1 முதல் 6 வரை யாருடையது என்று. “கூப்பிட்டால் உதவி செய்கிறேன்” என்பது பிரிப்பது ஆகாது, ஏனென்றால் கவனித்துக்கொண்டிருக்கும் பொறுப்பு அவளிடமே நிற்கிறது. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்புபவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள். 2017ல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டத்தில், வேலையின் தன்மை இடம்கொடுத்தால் விடுப்புக்குப் பிறகும் வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால் உரிமை அளவுக்கு வலுவில்லை, ஆனால் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்க அது போதுமான பிடி.

வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமலிருக்கும் உரிமை பிரான்ஸில் 2017 ஜனவரி முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் சட்டமாக இருக்கிறது. இந்தியாவில் 2018ல் நாடாளுமன்ற உறுப்பினர் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. ஆகவே இங்கே கையில் இருப்பது டீம் அளவிலான எழுத்து ஒப்பந்தம்தான்.

ஆஃபீஸுக்குத் திரும்பக் கூப்பிட்ட பிறகு, வாரம் மூன்று நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே என்று இருக்கும் டீம்களில் புதுச் சிக்கல் ஒன்று. ஆஃபீஸிலிருந்து 7 மணிக்குக் கிளம்பி, ஓ.எம்.ஆர். நெரிசலில் காரிலேயே ஒரு கால், வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று. மாலை கால் உள்ள நாளில் 4 மணிக்கே கிளம்ப அனுமதி வாங்குங்கள், அடையாள அட்டை ஸ்வைப் நேரத்தை எண்ணும் நிறுவனமாக இருந்தால் மேனேஜரின் ஒப்புதல் மெயிலில் இருக்கட்டும். பேசித் தீர்க்க வேண்டியவற்றை ஆஃபீஸ் நாளிலும் தனியாகச் செய்ய வேண்டியவற்றை வீட்டு நாளிலும் வையுங்கள். சீனாவின் ட்ரிப்.காம் பயணச் சேவை நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூம் குழு செய்து 2024ல் நேச்சர் இதழில் வெளியான சோதனையில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் ராஜினாமா செய்வது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வேலைத் தரம் குறையவில்லை. மேனேஜரிடம் பேசும்போது இந்த எண் உதவும்.

‘பயம்’ என்று எழுதிய இரவுகளுக்கு வருகிறேன். ஐந்து நிமிடம் கைவைக்காவிட்டால் டீம்ஸில் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். அதற்காகவே சாப்பிடும்போதும் மவுஸை அசைப்பவர்கள் இருக்கிறார்கள். மவுஸ் ஜிக்ளர் (மவுஸைத் தானே அசைக்கும் கருவி) பக்கம் போகாதீர்கள், நிறுவன லேப்டாப்பில் அது பிடிபடும். 2024ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு இயங்குவதுபோல் போலியாகக் காட்டியதாக ஒரு டஜனுக்கு மேற்பட்டோரை நீக்கியது. பச்சைப் புள்ளிக்கு மாற்று, காலையிலேயே சேனலில் இரண்டு வரி: இன்று முடிப்பது இது, 1.30 முதல் 2.30 வரை இருக்கமாட்டேன். முடித்ததையும் மாலையில் அங்கேயே பதிவிடுங்கள். ஒரு மாதம் இப்படி நடந்தால் பெரும்பாலான லீட்கள் புள்ளியைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். விடாதவர்களிடம் நேரடியாகவே கேட்பது நல்லது: என் வேலையை எதை வைத்து அளக்கிறீர்கள்?

கடைசியாக டைம்ஷீட். நாளுக்கு 8 மணி நேரம் என்று கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறோம். நிஜத்தில் 11 மணி நேரம் ஆன வேலை 8 என்று பதிவாகிறது. அடுத்த புராஜெக்டின் எஸ்டிமேட் அந்த 8ஐ வைத்தே போடப்படுகிறது. அந்த மூன்று மணி நேரம் மறுபடியும் இரவில் வந்து நிற்கும். உண்மையான நேரத்தைப் போடுங்கள். 8க்கு மேல் டூல் ஏற்காவிட்டால் ஜிரா டிக்கெட்டின் ‘லாக் ஒர்க்’ பகுதியில் போடுங்கள், அதுவும் இல்லையென்றால் டிக்கெட் கமென்டில் எழுதுங்கள். ஸ்பிரின்ட் என்ற குறுகிய வேலைச் சுற்று முடியும்போது, அதைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டத்தில், போட்ட எஸ்டிமேட்டையும் ஆன நேரத்தையும் பக்கம்பக்கமாகக் காட்டி, அடுத்த ஸ்பிரின்ட்டில் எடுக்கும் பாயின்ட்டை, அதாவது வேலை அளவை, அந்த அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். முதல் தடவை மறுப்பார்கள். மூன்றாவது ஸ்பிரின்ட்டிலும் அதே வித்தியாசம் தெரிந்தால், கிளையன்ட்டிடம் பேச டெலிவரி மேனேஜருக்கே அந்த எண் தேவைப்படும்.